ஜமீலா, ரோகிணி நட்சத்திரம்

பிரிக்பீல்ட்ஸ் கோயிலில், வெள்ளிக்கிழமை அர்ச்சனை வரிசையில் எனக்கு முன்னால் நின்றார் அந்த அம்மா. நெற்றி நிறையக் குங்குமம். ஒரு கையில் தேங்காய்த் தட்டு, மறு கையில் ஐசி. சாமி கும்பிட அடையாள அட்டை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

"பேரு, நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"ஜமீலா. ரோகிணி."

குருக்களின் கை நின்றது. அவர் கேட்பதற்குள் அந்த அம்மா ஐசியை நீட்டினார். இந்த நாட்டில் முஸ்லிம் என்றால் அதில் மதம் அச்சாகியிருக்கும். இவருடையதில் இல்லை.

"இருந்தாலும் வம்பு வேணாம்மா. முஸ்லிம் பேருக்குப் பூசை பண்ணதா யாராவது புகார் குடுத்துடுவாங்க. சாமி பேருக்கே பண்ணிடறேன்."

"போன வாரமும் இதத்தானே சொன்னீங்க! என் பேருக்கு எப்பதான் பண்ணுவீங்க?"

"சீக்கிரம் லா," என்றார் பின்னால் ஒருவர். எனக்கும் எரிச்சல்தான், அந்த அம்மா மேல் இல்லை.

"இந்தப் பேர யார் வச்சாங்கக்கா?" என்று மெல்லக் கேட்டேன்.

சட்டென்று திரும்பினார். "எங்கம்மா. கிள்ளான்ல பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா பேரு. அப்பல்லாம் தெருவுக்கு ரெண்டு ஜமீலா இருப்பாங்க. அரபில அழகின்னு அர்த்தம். போதுமா தம்பி? பார்க்கிறவங்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

அர்ச்சனை சாமி பேருக்கே நடந்தது. தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர், சன்னதியைப் பார்த்து, "ஜமீலா, ரோகிணி," என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு நடந்தார்.

அடுத்து என் முறை.

"சுந்தரம்," என்றேன். அதற்கும் அழகன் என்றுதான் அர்த்தம். குருக்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.