ஞாயிற்றுக்கிழமை வலை கட்டியவர்

"அறுப்பின் பண்டிகை விஷயத்தை நினைவு மலரில் போடாதே, நைனாவின் நல்ல குணங்களை மட்டும் எழுது" என்று உறவில் சிலர் அன்பாகச் சொன்னார்கள். அவருடைய நல்ல குணமே அந்த விஷயம்தான். ஆகவே எழுதுகிறேன். எங்கள் அருமை நைனா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு ஆகும் இவ்வேளையில், அவரை அறிந்த உங்கள் அனைவருக்கும் மூத்த மகளின் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

நைனா ஏரிக்கரையிலுள்ள பசியாவரத்தில் பிறந்தவர். திருமணத்துக்குப் பிறகு அம்மாவின் ஜெபத்தால் ஞானஸ்நானம் பெற்றார். புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர் முதலில் ஊரைத்தான் திருத்தப் பார்ப்பார். நைனாவும் அப்படித்தான் இருந்தார்.

எங்கள் ஏரியில் இறால் விழும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். சீட்டுப் போட்டு, குடும்பத்துக்கு ஒரு நாள் என்று முறை வைப்பார்கள். முறை வந்த நாளில் வலை கட்டாவிட்டால் போனது போனதுதான். நைனாவின் முறை ஞாயிற்றுக்கிழமை வந்தால், ஓய்வுநாள் என்று எங்கள் வலை தண்ணீரில் இறங்காது. அந்த வாரம் எங்களுக்குக் கஞ்சி. அதையும் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். பக்கத்து வீட்டு ஏழுமலை மாமா அம்மன் கோயில் திருவிழாவில் முன்னால் நிற்பவர். அவர் ஞாயிறன்று வலையைத் தூக்கிக்கொண்டு போனால், "ஆறு நாள் போறலியா மச்சான்?" என்று நைனா வாசலிலிருந்தே கேட்பார். "உன் சாமி லீவு குடுத்துச்சி, என் சாமி இன்னும் குடுக்கலயே!" என்று மாமா சிரித்துக்கொண்டே போவார்.

நைனா சபை மூப்பரானார். ஒரு வருடம், விளைச்சலில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகை சமயத்தில், மாமாவின் கையில் கெளுத்தி மீன் முள் ஏறி, கை வீங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பண்டிகை ஞாயிறுதான் அவருடைய முறை. மழை விட்டு இறால் ஏறும் நேரம். வலை கட்ட இரண்டு பேர் வேண்டும்; மாமாவின் தம்பி ஒருவர்தான் இருந்தார். மாமா வீட்டு அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமையில் நைனாவிடம் போய் வலை கட்ட வரச்சொல்லிக் கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்?

வேதபாடம் வாசிப்பதற்காக வெள்ளை வேட்டியில் கிளம்பியிருந்த நைனா, அத்தையின் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய் லுங்கி கட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாய்யா இது, இன்னிக்குப் போயா?" என்றார் அம்மா.

"இன்னிக்குத்தானே அவன் முறை" என்றார் நைனா.

ஆராதனை முடியும் நேரத்தில், முழங்கால் வரை சேற்றோடு வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தார். விசுவாசத்தில் அவர் பெரியவரானது அன்றைக்குத்தான் என்று நான் சொல்வேன். சபை வேறு மாதிரி சொன்னது. மூப்பர் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். சபைக்கு முன்னால் தப்பு என்று ஒப்புக்கொள்ளும்வரை, அப்பமும் ரசமும் தரும் திருவிருந்தும் இல்லை என்றார்கள். பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த இறால் எந்தக் கிழமையில் கரையேறியது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

போதகர் ஐயா வீட்டுக்கே வந்தார். "தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மூப்பரே, முடிஞ்சிடும்."

"வலை கட்டாம பண்டிகைக்கு வந்திருந்தா அதுக்கு மன்னிப்பு கேட்டிருப்பேன் ஐயா. இதுக்கு இன்னாத்துக்குக் கேக்கணும்?"

வேறு சபைக்கு வரச்சொல்லிப் பலர் அழைத்தார்கள். "இது என் அப்பன் வீடு. பந்தியில சோறு போடலன்னா வீட்ட வுட்டுப் போய்டுவாங்களா?" என்று மறுத்துவிட்டார். வாரம் தவறாமல் வந்தார். திருவிருந்துப் பாத்திரம் தம்மைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். போதகர் ஐயா அக்கரைக்குப் போகவேண்டும் என்றால் நைனாதான் படகு தள்ளினார். "உனக்கு ரோஷமே இல்லையா நைனா?" என்று கத்தினேன். "கீது. அதையும் ஏத்தினா படகு தாங்காதும்மா" என்றார்.

நைனாவின் கடைசி வாரத்தில் மூச்சிரைப்பு அதிகமாயிற்று. போதகர் ஐயா திருவிருந்துப் பாத்திரத்தோடு வந்தார். "பேச வேணாம், தலைய மட்டும் ஆட்டுங்க. குடுத்துடறேன்" என்று கெஞ்சினார். திருவிருந்துக்காக நைனா எத்தனை ஏங்கினார் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். "பொய் சொல்லி வாங்கி எப்படி ஐயா முழுங்குறது?" என்றார். ஐயாவின் கண் கலங்கியது. ஆனாலும் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை நைனா போனார். ஞாயிறு அடக்கம். பெட்டியின் முன்பக்கத்தை ஏழுமலை மாமா தூக்கினார். இடுகாட்டில் போதகர் ஐயா மாமாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "இன்னிக்கு உங்க முறைன்னாங்களே?"

"ஆமா ஐயா. வலை வூட்லதான் கெடக்குது. இன்னிக்கு எனக்கும் ஓய்வுநாள்."

நைனாவின் நோயில் துணைநின்ற மருத்துவர்களுக்கும், சோறு கொண்டுவந்த அண்டைவீட்டாருக்கும், அடக்கத்தில் தோள்கொடுத்த இரண்டு சாமிகளின் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஜெபித்து மண்ணிட்ட போதகர் ஐயாவுக்கும் நன்றி. அவரை வெறுக்க நைனா எனக்குக் கற்றுத்தரவில்லை. இந்த மலரை ஆலய வாசலில் நின்று நானே உங்கள் கையில் தருகிறேன். சபை கேட்ட அந்த ஒரு வார்த்தையை நைனா சாகும்வரை சொல்லவில்லை. அவருக்காக நானும் சொல்லமாட்டேன்.