காலி செய்த வீட்டின் முகவரி

பதினொரு மணிக்கு வண்டி வரும். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், மறுநாள் காலை குரல்வளையை எடுத்துவிடுவார்கள். பத்து மணிக்கு மகள், பதிவு செய்து வைத்திருந்த அவர் குரலை முதல்முறையாகப் போட்டுக் கேட்டாள். "தண்ணி வேணும்" என்ற வாக்கியம் "தண்" என்று தொடங்கி, கரகரவென்று இரைந்து, முந்தைய வாக்கியத்தின் வாலோடு முடிந்தது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

அப்பா முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். கடைசி சீட்டில் தூங்குகிறவரையும் எழுப்பி இறக்கிவிடும் தொண்டை. அந்தத் தொண்டையில்தான் கட்டி. ஆபரேஷனுக்குப் பிறகு, வாக்கியத்துக்கு ஒரு பொத்தான் வைத்த பலகையில் அமுக்கினால் அவர் குரலிலேயே பேச்சு வர வேண்டும் என்பதற்காக, இருந்த கொஞ்சநஞ்சக் குரலையும் செலவழித்து, ஆறு நாட்களில் முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள் பேசியிருந்தார்.

மகள் புரோகிராமர். குரல் பதியும் புரோகிராம்கள் இலவசமாகவே கொட்டிக் கிடக்க, ஒவ்வொரு வாக்கியத்தையும் வெட்டி அதனதன் பொத்தானில் தானே மாட்டிவிடும் புரோகிராமை நானே எழுதுகிறேன் என்று கிளம்பியவள். இந்தத் தொழில்காரர்களுக்கு இது ஒரு வியாதி. எழுதியவள் கேட்டாவது பார்த்திருக்கலாம். கேட்டால் அழுகை வந்துவிடும் என்று, திரையில் ஒலி அலை மேலும் கீழும் போவதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்தாள். ஆறு நாளும்.

அம்மா பையில் துண்டுகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். "என்னடி, மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?"

"அப்பா பேசினது எல்லாம் போச்சும்மா."

அம்மா துண்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தாள். "இப்ப போன்லயாவது அவர் குரலைப் பிடிச்சுக்கலாமா?"

பிடித்திருக்கலாம்தான். ஆனால் தன் கையால் கெடுத்ததைத் தன் கையால் சரிசெய்யாமல் அப்பா முகத்தில் எப்படி முழிப்பது?

பத்தரைக்குக் காரணம் பிடிபட்டது. மைக்கிலிருந்து ஒலியை வாங்கித் தருவது, யாரோ C மொழியில் எழுதிவைத்த பழைய லைப்ரரி, அதாவது எடுத்து ஒட்டிக்கொள்ளும் ஆயத்த நிரல். அதனிடம் ஒரு பாயிண்டரைக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் நினைவகத்தில் இன்ன இடத்தில் கொண்டுவந்து கொட்டு என்று சொல்லும் முகவரி அது. அவள் எழுதிய மொழியோ, யாருக்கும் வேண்டாத இடத்தைத் தானாகவே கூட்டிப் பெருக்கி வேறு வேலைக்குக் கொடுத்துவிடும். லைப்ரரியின் கையில் அந்த முகவரி இருப்பது அதற்குத் தெரியாது. இடம் கைமாறிய பிறகும் லைப்ரரி பழைய முகவரியிலேயே குரலைக் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் சோதித்துப் பார்த்த ஒற்றை வாக்கியத்தில் பெருக்கும் நேரம் வரவில்லை. மணிக்கணக்கில் பேசியபோது வந்துவிட்டது.

பதிவு முடியும்வரை அந்த இடத்தை விடாமல் பிடித்துவைக்க நாலு வரி போதும். அவசரத்தில் அந்த நாலு வரியை மூன்று தடவை தப்பாக அடித்தாள். பிறகு பெருக்கும் வேலையை வேண்டுமென்றே கிளப்பிவிட்டு, தன் குரலில் பேசிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. மணி பத்து ஐம்பது.

மைக்கைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் கட்டிலுக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"அட்ரஸைக் குடுத்துட்டு வீட்டைக் காலி பண்ணிட்ட," என்றார். குரல் பாதிக்குமேல் காற்றாக வந்தது.

"ஆமாப்பா."

"ஒரு தடவையாவது கேட்டிருக்கலாமே."

"பயமா இருந்துச்சுப்பா."

அவள் நீட்டிய வாக்கியப் பட்டியலை அவர் ஒதுக்கி வைத்தார். நாலைந்து வாக்கியத்துக்குமேல் தொண்டை தாங்காது என்பது அவருக்கே தெரியும். மைக்கை இழுத்துக்கொண்டு, "இவளே, எங்க இருக்க?" என்றார். அம்மாவை அவர் கூப்பிடுவது அப்படித்தான். வாசற்படியில் நின்ற அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடித்து, மூச்சை வாங்கி, மறுபடி மைக்கில் குனிந்தார்.

"பரவால்ல, விடு."

"அது லிஸ்ட்லயே இல்லையேப்பா."

"நீ இனிமேயும் ஏதாவது தப்புப் பண்ணுவ. அப்ப நான் சொல்லணும்ல."

அதோடு குரல் அடைத்துவிட்டது. வெளியே வண்டி ஹாரன் அடித்தது.

இந்தத் தடவை அலையைப் பார்த்துத் தப்பிக்க வழியில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அமுக்கினாள். பரவால்ல, விடு. ஒரு எழுத்துகூடச் சிதையவில்லை.

வந்திருச்சா என்று அப்பா உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்.

அவளும் தலையை மட்டும் ஆட்டினாள்.