நடந்து போன கம்புக்குப் போட்ட சைபர்

1. நாற்காலி ஏறிய கதை

பழவேற்காடு பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். எழுபதுகளின் நடுவில் ஒரு கோடையில், மெட்ராஸிலிருந்து, குட்டி விமானங்களைத் தரையிலிருந்தே ரேடியோவில் ஓட்டும் மாடல் விமானக்காரர்கள் போட்டி நடத்தக் கோட்டைக்குப்பம் ஏரிக்கரையில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய டிரான்ஸ்மிட்டர் ஒன்று படுத்துவிட்டதால் என்னைக் கூப்பிட்டார்கள். சரிசெய்து கொடுத்துவிட்டு டீ குடிக்கும்போது, ஜட்ஜ் ஒருவர் வரவில்லை என்று சலசலப்பு. தலைமை ஜட்ஜ் ஓய்வுபெற்ற கர்னல். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாய், கண்ணு நல்லாத் தெரியுமா?"

"ஊசில நூல் கோப்பேன் சார்."

"அப்ப உட்காருங்க."

அதுதான் எனக்கு நடந்த இண்டர்வியூ.

அந்தக் காலத்தில் ஜட்ஜுகள் ஐந்து பேரும் ஒரே குடையின் கீழ் தோளோடு தோள் உரச உட்காருவோம். விமானம் முழு ஆட்டமும் ஆடி இறங்கியதும் கர்னல் தொண்டையைச் செருமி, "நான் எழுபது போடறேன்" என்பார். நாங்கள் நால்வரும் அதற்கு அக்கம்பக்கத்தில் ஒரு நம்பரைப் போடுவோம். ஒருமுறை மில் முதலாளி மகன் வானத்தில் வட்டமாகப் போட்ட லூப் நசுங்கின பூசணிக்காய் மாதிரி இருந்தது. ஆனால் மதிய பிரியாணி அவன் அப்பா உபயம். எண்பது விழுந்தது.

2. வாய்ப்பூட்டு

பிறகு ஒவ்வொன்றாக விதிகள் வந்தன. லூப் மாதிரி ஒவ்வொரு வித்தைக்கும், அதாவது மெனூவருக்கும், தனித்தனியாகப் பத்துக்கு மார்க். கஷ்டமான மெனூவர் என்றால் அந்த மார்க்கைப் பெரிய எண்ணால் பெருக்குவோம். அதற்குப் பெயர் கே ஃபேக்டர். ஐந்து ஜட்ஜு மார்க்கில் உச்சத்தையும் அடியையும் தூக்கி எறிந்துவிட வேண்டும். மச்சானுக்கு அள்ளிக் கொடுப்பதும் பங்காளிக்குக் குழி வெட்டுவதும் அதோடு குறைந்தன.

எண்பதுகளில் 'பாக்ஸ்' வந்தது. வானத்தில் கண்ணுக்குத் தெரியாத பெட்டி ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அதற்குள்ளேயே ஆட வேண்டும். வெளியே போனால் சைபர். நாற்காலிகளையும் தள்ளித் தள்ளிப் போட்டு, ஜட்ஜுகள் பேசவே கூடாது என்றார்கள். அந்தப் பேசாத விதிக்காகக் கர்னலோடு அதிகம் மல்லுக்கட்டியவன் நான்.

பாக்ஸின் நடுவையும் இரண்டு ஓரங்களையும் காட்டக் கொடி நட வேண்டும். எதிரே ஏரி. தண்ணீரில் இறங்க யாருக்கும் மனமில்லை. மீனவர்கள் வலை கட்ட நட்டிருந்த கம்பு வரிசையில் மூன்றுக்கு மட்டும் படகில் போய் வெள்ளைத் துணி கட்டி வந்தோம். வேலை மிச்சம் என்று எங்களுக்கு ஒரே பெருமை.

3. தேவராஜின் ஆட்டம்

அந்த வருடம் தேசியப் போட்டிக்குப் போகும் அணியில் ஒரே ஓர் இடம் பாக்கி. மீஞ்சூர் லேத் பட்டறைத் தொழிலாளி தேவராஜுக்கு அதன் மேல் உயிர். விமானம் விட லீவு கேட்டுச் சண்டை போட்டு, ஒரு பட்டறையில் வேலையே போய், வேறு பட்டறைக்கு மாறியவன். காலைச் சுற்றில் அவன்தான் முன்னால் இருந்தான். மதியம் சுமாராக ஆடினாலே இடம் அவனுக்கு.

சாப்பாட்டுக்குப் பிறகு முதல் ஆட்டம் அவனுடையது. அழகாக ஆடினான். ஆனால் பாதி மெனூவர்கள் இடது ஓரக் கம்புக்கு வெளியே போயின. நான் சைபர் மேல் சைபராகப் போட்டேன். மற்ற நால்வரும் வாயைத் திறக்காமல் அதையே போட்டார்கள்.

தேவராஜ் நேரே என்னிடம் வந்தான்.

"இன்னா பாய், சைபரா போட்டுகினுகிறீங்க? காலைல ஆடுன அதே எடத்துலதான ஆடுனேன். எதிர்க்கரைல ஒத்தப் பனை கீது பாரு, அத்ததான் நடுன்னு வெச்சிகினேன்."

விமானம் விடுகிறவன் கண் வானத்தில் இருக்கும். கம்பைப் பார்க்க நேரமிருக்காது. ஜட்ஜுதான் கம்பைப் பார்ப்பான். எழுந்து பார்த்தேன். பனைக்கு நேரே இருந்த நடுக்கம்பைக் காணோம். வரிசை மொத்தமும் வலப்பக்கம் தள்ளிப் போய், வெள்ளைத் துணியோடு ஜம்மென்று நின்றது.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஆறுமுகத்தைக் கேட்டேன்.

"ஆமா பாய், நாங்கதான் புடுங்கி நட்டோம். காலைல கட்டுனவங்க பாடு முடிஞ்சி போச்சி, மதியத்துலேர்ந்து எங்க பாடு. ஒங்க துணிய அவுக்கல, பத்தரமா வெச்சிகிறோம்."

ஏரியில் எந்தக் கூட்டம் எப்போது எங்கே வலை கட்டுவது என்பதற்கு முறை உண்டு. அந்த முறைதான் பாடு. நாங்கள் நண்டுக் குழம்பில் மூழ்கியிருந்தபோது பாடு மாறியிருக்கிறது. பழையபடி ஒரே குடைக்குள் இருந்திருந்தால், "கம்பு நகர்ந்தாப்ல இல்ல?" என்று யாராவது ஒருவர் கிசுகிசுத்திருப்பார். அயோக்கியர்களாக இருந்தவரை கூடிப் பேசினோம். யோக்கியர்களாகி ஐந்து பேரும் தனித்தனியாகத் தப்புப் பண்ணினோம்.

கர்னலிடம் போய்ச் சொன்னேன். அவர் அசையவில்லை. "ஜட்ஜுங்க தீர்ப்புதான் முடிவு பாய்."

"கம்பு நடந்து போனா அவன் என்ன சார் பண்ணுவான்? மறு ஆட்டம் குடுங்க. இல்லன்னா நான் எழுந்து கடைக்குப் போறேன்."

முறைத்தார். பனையை நடுவாக வைத்து வேறு கம்பு நட்டுத் துணியை மறுபடி கட்டச் சொல்லிவிட்டு, மறு ஆட்டம் கொடுத்தார்.

அதற்குள் கடற்காற்று ஏறிவிட்டது. பெரிய கே ஃபேக்டர் உள்ள சதுர லூப்பில் இரண்டு மூலைகள் காற்றோடு போயின. என் மனசு முழுக்க அவன் பக்கம்தான். ஏழு போட்டுவிடலாமா என்று கை துடித்தது. நாலு போட்டேன். மற்றவர்களும் மூன்றும் நாலுமாகப் போட, இடம் கைவிட்டுப் போனது.

அவன் முகத்தில் விழிக்க முடியாமல் சைக்கிளை எடுத்தேன். அவனே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தான்.

"நாலு கரெக்ட்டுதான் பாய். மூலைய உட்டது நான்தான், எனக்குத் தெரியாதா? நாலோட ஊட்டுக்குப் போனா சோறு துன்னுட்டுப் படுப்பேன். அந்த சைபரோட போயிருந்தா துன்னிருக்க மாட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணில் தூசி என்று பொய்கூடச் சொல்லத் தோன்றவில்லை.

புதிதாக ஜட்ஜ் நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். குறைந்த மார்க் போடப் பயப்படாதீர்கள். தான் எங்கே தவறினான் என்று ஆடினவனுக்குத் தெரியும். சைபர் போடுவதற்கு முன் மட்டும் ஒரு தரம் எழுந்து நின்று பாருங்கள்.