ஒப்பித்துவிட்டுப் போங்கள்!

போன ஞாயிறு திண்டுக்கல்லில் ஒரு நினைவு நாளுக்குப் போயிருந்தேன். கொஞ்சம் அழுவது, பிரியாணி சாப்பிடுவது, மூன்று மணி பஸ்ஸைப் பிடிப்பது... இதுதான் பிளான். நடந்தது வேறு.

நினைவு நாள் யாருக்கு? ரெஜினா டாக்டருக்கும் அவர் கணவர் சூசை சாருக்கும். சார் கணக்கு வாத்தியார். என்னைப் பத்தாம் வகுப்பு கணக்கில் கரையேற்றிய புண்ணியவான். கல்யாணப் பொன்விழா கொண்டாடிய ஜோடி. போன வருஷம் டாக்டர் முதலில் போனார். சார் சில வாரம் சும்மா உட்கார்ந்து பார்த்தார், முடியவில்லை, அவரும் கிளம்பிவிட்டார். மகள் அமலா இருவருக்கும் சேர்த்தே பூசை வைத்து, கோயில் ஹாலில் சாப்பாடும் போட்டாள்.

அவர்கள் வீட்டு கிளினிக்கில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் உள்ளே பார்த்து மருந்து எழுதிக் கொடுப்பார். வெளியே வந்தால் வாசலில் நாற்காலி போட்டு சார்! "எப்படிச் சாப்பிடுவீங்க? ஒப்பிங்க." ஒரு மாத்திரை மாறினாலும் மறுபடி முதலிலிருந்து.

காரணம் இருந்தது. காதில் விடச் சொல்லிக் கொடுத்த சொட்டு மருந்தை ஒருவர் குடித்துவிட்டு வந்து நின்றாராம். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று டாக்டர் தலையில் அடித்துக்கொள்ள, சார் கேட்டாராம்: "நீ சொன்ன... அவரு திருப்பிச் சொன்னாரா?" மறுநாள் ஸ்கூல் விட்டதும் நாற்காலி வாசலுக்கு வந்துவிட்டது.

"என் பேஷன்ட்ட எதுக்கு மிரட்டுறீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

"உள்ள இருக்கிற வரைக்கும்தான் உன் பேஷன்ட். வெளிய வந்துட்டா என் ஸ்டூடன்ட்!"

வலிப்பு நோயாளி வந்தால் இன்னும் கூத்து. வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று, காத்திருக்கும் வரிசை மொத்தமும் ஒப்பிக்க வேண்டும். காய்ச்சலுக்கு வந்தவன், பல்வலிக்கு வந்தவன், டியூஷனுக்கு வந்த நான்... யாருக்கும் விலக்கு இல்லை. எங்களுக்கு எதுக்கு சார் என்று ஒரு தடவை முனகினேன். "வலிப்பு வந்தவன் எப்படி ஒப்பிப்பான்? பக்கத்துல நிக்கிற நீதான் ஒப்பிக்கணும்" என்றார்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அமலா மைக்கில் பேசிக்கொண்டிருந்தாள். "கடைசிக் காலத்துல அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை. தினமும் காலைல அம்மா அவர ஒப்பிக்கச் சொல்லுவாங்க. தப்பாச் சொன்னா காபி கிடையாது..." ஹால் சிரித்தது. அப்போதுதான் பின்பக்கம் ஒரு தாம்பாளம் தடாலென்று விழுந்த சத்தம்.

பிரியாணி போட வந்த நத்தம் ரஃபி பாயின் மகள் ஷபானா. காலேஜ் படிக்கிற பெண், அத்தாவுக்கு ஒத்தாசைக்கு வந்திருந்தாள். தரையில் கிடக்கிறாள். கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது.

"யா அல்லா! எம்புள்ளைக்கி என்னாச்சு? யாராச்சும் சாவி குடுங்க!" பாய் பதறி ஓடினார். வாசலில் நின்ற ஆட்டோக்காரர் கையிலிருந்த சாவியை வெடுக்கென்று பிடுங்கினார். ஒருவர் தண்ணீர்ச் சொம்போடு வந்தார். டாக்டர் எங்கே? ஊருக்கே தெரிந்த டாக்டர் மாலை போட்ட படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறார்!

அப்போது பந்தியிலிருந்து ஒரு குரல். வேடசந்தூர் மில்லில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன கருப்பையா அண்ணன், அந்தக் காலத்து பேஷன்ட். "சாவி குடுக்காத!"

அடுத்த வரி எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? ஹால் மொத்தமும் சேர்ந்து சொன்னது. "அமுக்கிப் பிடிக்காத! ஒருக்களிச்சுப் படுக்க வை! வாயில ஒண்ணும் ஊத்தாத! மணியப் பாரு!" என் வாயும் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

சொல்லிக்கொண்டே செய்தோம். ஒருவர் பெஞ்சை நகர்த்தினார். அமலா தன் சால்வையை மடித்து ஷபானாவின் தலைக்குக் கீழே வைத்தாள். எத்தனை நிமிஷம் இழுக்கிறது என்று நான் வாட்சைப் பார்த்தேன். முள் நகரவே மாட்டேன் என்கிறது... கடைசியில் இழுப்பு அடங்கியது. அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். செத்த நேரம் கழித்து முனகலாக, "அத்தா..." என்றாள். பாய் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

முதல் தடவை வந்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும். ஆட்டோவில் ஏற்றினோம். கிளம்பும் நேரத்தில் கருப்பையா அண்ணன் குறுக்கே வந்து நின்றார்.

"பாய், போற வழியில மறுபடி வந்தா என்ன செய்வீக? ஒப்பிங்க."

"அண்ணே, இந்த நேரத்துலயா?"

"இந்த நேரத்துக்குத்தான்!"

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "அமுக்க மாட்டேன்... ஒருக்களிச்சுப் படுக்க வைப்பேன்... வாயில ஒண்ணும் ஊத்த மாட்டேன்... மணி பாப்பேன்... சாவி குடுக்க மாட்டேன்."

"பாய்! எஞ்சாவிய மட்டும் குடுத்துருங்க. வண்டிய எடுக்கணும்ல?" என்றார் ஆட்டோக்காரர். பாய் உள்ளங்கையைத் திறந்து பார்த்தார். மயக்கம் முழுசாகத் தெளியாத ஷபானாகூடச் சிரித்துவிட்டாள்.

மூன்று மணி பஸ் போயே போய்விட்டது. சாயங்காலம், என் நம்பரை வாங்கிப் போயிருந்த பாயே போன் செய்தார். பிள்ளை நன்றாக இருக்கிறாளாம், ஸ்கேன் எடுத்திருக்கிறார்களாம், மாத்திரை எழுதியிருக்கிறார்களாம். எப்படி எப்படிச் சாப்பிட வேண்டும் என்று, நான் கேட்காமலேயே, கடகடவென்று ஒப்பித்தார்!

"வலிப்பு வந்தப்ப என்ன செஞ்சீங்கன்னு அங்கன டாக்டரு கேட்டாரு அக்கா. அம்புட்டையும் சொன்னேன். இம்புட்டு கரெக்டா யாரு சொல்லிக் குடுத்ததுன்னாரு."

"என்ன சொன்னீங்க?"

"எங்க டாக்டரம்மாவும் வாத்தியாரும்னு சொன்னேன்."

ரஃபி பாய் அவர்களைப் பார்த்ததே அன்றைக்குத்தான்... மாலை போட்ட படத்தில்!