மாமா நிறுத்தி வைத்த ஆட்டம்

ஜப்பான்காரர் மூளைசாலிகள் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். கடையில் காசு போட்டு விளையாடுகிற அலுமாரி அளவு இயந்திரத்தில் இருந்த விளையாட்டை, உள்ளங்கையளவு கசெற்றுக்குள் அடக்கி, வீட்டு ரீவியில் ஓட வைத்தார்களே, அது சின்ன விசயமா?

எங்கள் வீட்டுக்கு அது அம்மாவின் தம்பியோடு வந்தது. துறைமுகத்துக்கு வந்த கப்பலில் வேலை செய்த சிநேகிதன் ஒருவன் மாமாவுக்குக் கொடுத்த பெட்டி. எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. பெயர் வாசிக்கத் தெரியாமல் நாங்கள் அதைப் ‘போளை’ என்றே சொன்னோம். திரையின் மேலே பல நிறத்தில், கண்ணாடிக் கோலிக்குண்டு மாதிரி, போளைகள் தொங்கும். கீழே பச்சைக் குட்டிப் பிராணி ஒன்று சக்கரம் சுற்றும். நாங்கள் குறிபார்த்து ஒவ்வொரு போளையாக மேலே விடவேண்டும். ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் உடையும். பிந்தினால் கூரை இறங்கிவிடும்.

மாமா அடிக்கிற அடியைப் பார்க்க வேண்டும்! கரம் பலகையில் காய் சுண்டிப் பழகிய கை. போளை நேரே போகாது. பக்கச் சுவரில் மோதித் திரும்பி, ஒளிந்திருக்கிற நீலத்தைப் போய்த் தொடும். கொத்தாகக் கொட்டும்.

“நேரே வழியில்லையெண்டால் சுவரைப் பார் பிள்ளை” என்பார்.

“இருபத்திரண்டு வயசு ஆம்பிளை, போளை அடிச்சுக்கொண்டு இருக்கிறான்!” அம்மா குசினிக்குள் இருந்து பழிப்பார்.

“நீங்களும் ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ அக்கா. பிறகு இந்த வீட்டில சோறு அவியாது.”

மாமா வீட்டைவிட்டு வெளியே போவதேயில்லை. விளையாட்டில் அவ்வளவு விருப்பம் என்று நினைத்தேன்.

ஒருநாள் மத்தியானம் மாமா ஆட்டத்தின் கடைசிப் படிக்கு வந்துவிட்டார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில். அப்பா வாசலில் இருந்து கூப்பிட்டார்.

“லொறி வந்திட்டுது. வெளிக்கிடு.”

மாமா ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்தார். “பிள்ளை, பெட்டியை மட்டும் அணைச்சுப்போடாதை. அணைச்சால் திரும்ப முதலாம் படிதான். நான் வந்து முடிக்கிறன்.”

அம்மா அவர் நெற்றியில் திருநீறு பூசினார். கொழும்புக்குப் போகிறார் என்று மட்டும் சொன்னார்கள். வழி நெடுக இராணுவச் சோதனைச் சாவடி என்பதையும், இளம் பிள்ளைகளை இறக்கிக் கொண்டுபோவார்கள் என்பதையும் எனக்கு யார் சொல்வது?

ரீவியை அணைத்தாலும் பெட்டியின் சிவப்பு வெளிச்சம் எரியும். எனக்குப் பயம் அம்மாவை நினைத்துத்தான். சும்மா எரிகிற பல்ப்பைக் கண்டால் ஏசுகிறவர். ஆனால் பெட்டி சூடாகுது என்று அப்பா கைவைக்கப் போனபோது, “தொடாதைங்கோ! அவன் வந்து முடிக்கட்டும்” என்று அம்மாதான் சீறினார். பின்னேரம் சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு வந்து, பெட்டிக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். மூன்று நாளும் கரண்ட் போகவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அது கோணேசப் பெருமானின் கருணைதான்.

நாலாம் நாள் காலை முன்வீட்டு ரெலிபோனுக்கு அழைப்பு வந்தது. அம்மா செருப்பில்லாமல் ஓடினார். திரும்பி வந்தவர், “கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திட்டான்” என்று சாமி அறையில் விழுந்து கும்பிட்டார். பிறகு நேரே வந்து பெட்டியை அணைத்தார்.

“ஐயோ அம்மா! மாமா இன்னும் முடிக்கேல்லை!”

“முடிச்சிட்டான் பிள்ளை” என்றார் அம்மா, அழுதுகொண்டே சிரித்தபடி.

இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. ஒவ்வொரு காலையும் ரீவியைப் போட்டு எண்ணிப் பார்த்தவள் நான். கடைசிப் படியில் தொங்கிய போளைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. கொழும்பில் இருக்கிற மாமா அதை எப்படி முடித்திருப்பார்?