கரையேறாத வரிசை

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நான். என் மனைவி கலா. அவள் தம்பி ஏழுமலை. வீட்டுக்கார சார். வேறு ஆள் கிடையாது. நாய்கூடக் கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லாரும், "வேற யாராவது இருந்திருப்பாங்க" என்கிறார்கள்.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சின்ன வயதில் உப்பளத்தில் ராத்திரி காவலுக்குப் படுத்தவன் நான். ஒன்றையும் பார்த்ததில்லை. கலாவுக்கும் பயம் தெரியாது. அவள் கிளியனூர்க்காரி, நெல்வயலில் வேலை செய்தவள். உப்பளத்தில் கால் வைத்ததே இல்லை.

இப்போது எங்கள் வேலை டர்ஃப் போடுவது. பச்சை பிளாஸ்டிக் புல், பாய் மாதிரி சுருட்டி வரும். மரக்காணத்துக்கு வெளியே, ஈ.சி.ஆர். ஓரம் ஒரு வீடு. பிள்ளைகள் பந்து விளையாட வீட்டின் பின்பக்கம் கோர்ட் வேண்டும் என்றார் சார். மதில் சுவரைத் தாண்டினால் உப்பளம். அந்தப் பின்பக்கமும் ஒரு காலத்தில் உப்புப் பாத்திதான். மண் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள்.

கிராவல் மண் பரப்பித் தண்ணீர் தெளித்துவிட்டோம். ஈரம் இருக்கும்போதே ரோலர் ஓட்ட வேண்டும். ரோலர் ஏற்றிய வண்டி வழியில் பஞ்சர். வெயில் ஏறுகிறது.

"மாமா, காஞ்சிடுச்சின்னா மறுபடியும் மொதல்ல இருந்து செய்யணும்" என்றான் ஏழுமலை.

"செருப்பைக் கழட்டுங்க. மிதிச்சிடலாம்" என்றேன்.

உப்புப் பாத்தியை எங்கள் வீட்டில் அப்படித்தான் கெட்டியாக்குவோம். வரிசையாகக் கைகோத்து நின்று ஒரே தாளத்தில் மிதித்துக்கொண்டே நகர வேண்டும். ஓரத்தில் நிற்பவன் "எறங்கு" என்றால் இறங்குவது. அவன் "கரையேறு" என்று சொன்னால்தான் கையை விடுவது. வழுக்குகிற சேற்றில் ஒருவர் கையை விட்டால் எல்லாரும் விழுவார்கள், அதற்காக.

நான் ஓரத்தில் நின்றேன். "எறங்கு" என்றேன்.

கலாவுக்குச் சிரிப்பு. "கல்யாணத்துலகூட என் கையை இவ்ளோ நேரம் புடிச்சதில்ல இந்த மனுஷன்."

"அக்கா, தம்பி பக்கத்துல இருக்கேன். கொஞ்சம் அடங்கு" என்றான் ஏழுமலை.

பாதி மிதித்திருப்போம். வாசலில் ஹாரன். ரோலர் வந்துவிட்டது. மூன்று பேரும் கையை உதறிவிட்டு ஓடினோம். கரையேறு என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை. அது பாத்தி இல்லையே, கோர்ட்தானே.

அப்புறம் ஜல்லித்தூள் கொட்டினோம், ரோலர் ஓட்டினோம், புல்லை விரித்துப் பசை போட்டு ஒட்டினோம். எல்லாம் ஒழுங்காக நடந்தது. கடைசி நாள் புல்லுக்குள் மணல் தூவி பிரஷ் போடுகிற வேலை. படுத்த புல்லை அப்படித்தான் நிமிர்த்துவோம். மத்தியானம் ஆகிவிட்டது. பிளாஸ்டிக் புல் வெயிலில் தோசைக்கல் மாதிரி கொதிக்கும், வெறுங்காலை வைக்க முடியாது. நிழலில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டோம். கலா கை கழுவ எழுந்து போனாள்.

தப், தப், தப் என்று சத்தம் கேட்டது. ஒரு ஆள் மிதிக்கிற சத்தம் இல்லை அது.

திரும்பினால் கோர்ட் நடுவில் கலா. செருப்பு ஓரமாகக் கிடக்கிறது. இரண்டு கையையும் பக்கத்துக்கு ஒன்றாக நீட்டி, எதையோ பிடித்த மாதிரி விரலை மடக்கிக்கொண்டு, வெறுங்காலில் மிதித்தபடியே நகர்கிறாள். கண்ணீர் ஓடுகிறது. ஓடிப்போய் இடுப்பைப் பிடித்து இழுத்தேன், நம்பினால் நம்புங்கள், அவளை அசைக்க முடியவில்லை, ஏழுமலையும் வந்து இழுத்தான், தோள் பிய்ந்துவிடும் போலக் கத்தினாள், அப்போதும் கால் நிற்கவில்லை, உள்ளங்கால் தோல் உரிந்து புல்லில் ஒட்டுகிறது.

"அக்கா, கையை வுடுக்கா!"

"நான் எங்கடா புடிச்சிருக்கேன்? அவங்கதான் புடிச்சிருக்காங்க. வுடச் சொல்லுங்கடா."

அவள் விரலைப் பிரிக்கப் போனேன். பக்கத்தில் எதன் மேலோ என் கை பட்டது. கண்ணுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஜில்லென்று, ஈரமாக, சொரசொரப்பாக இருந்தது. உப்பு வாருகிறவர்கள் உள்ளங்கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சார் மாடியிலிருந்து குரல் கொடுத்தார். "ஏம்பா, என்னாச்சி? மயக்கமா? தண்ணி எடுத்துனு வரட்டுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இறக்கிவிட்டேன். ஏற்றிவிடவில்லை.

முன்பு நான் நின்ற அதே ஓரத்துக்கு ஓடினேன். கத்தினேன்.

"கரையேறு!"

தாளம் நின்றது. பிறகு என் பக்கத்திலிருந்து ஒவ்வொருவராக ஏறினார்கள். ஆளைப் பார்க்கவில்லை நான். ஓரத்து சிமென்ட் கட்டையில் ஈரக்கால் ஏறுகிற சத்தம், என்னை உரசிக்கொண்டு போகிற குளிர், உப்புத் தண்ணீர் வாடை, அவ்வளவுதான். கலாவின் ஒரு கை விடுபட்டுத் தொங்கியது, பிறகு மற்றதும். தள்ளாடி நடந்து வந்து என்மேல் விழுந்தாள். அவளுக்குப் பின்னாலும் வந்துகொண்டே இருந்தார்கள். அவள் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டு நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

சார் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வெயில் தாக்கியது என்றார் டாக்டர். கால் ஆற ரொம்ப நாள் ஆனது. ஏழுமலை இந்த வேலையை விட்டுவிட்டு வானூரில் ஒரு கடைக்குப் போகிறான். கலா இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை கேட்டேன்.

"யாருடி அவங்க?"

"மூஞ்சியப் பாக்கல. குனிஞ்சே இருந்தேன். காலுங்கதான் தெரிஞ்சிது."

மறுவாரம் மிச்ச வேலைக்குப் போனபோது பார்த்தேன். கோர்ட்டின் குறுக்கே, பாதம் அளவுக்கு, ஜோடி ஜோடியாகப் புல் படுத்துக் கிடந்தது. எவ்வளவு பிரஷ் போட்டும் நிமிரவில்லை. கலா நின்ற இடத்தையும் சேர்த்துப் பதிமூன்று ஜோடி. சாரிடம் புல் சரியில்லை என்று சொல்லி, அந்தப் பட்டையை அறுத்தெடுத்துவிட்டுப் புதுசு ஒட்டினேன். கலா அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை.

போன மாதம் சார் பிரஷ் போடக் கூப்பிட்டார். தனியாகப் போனேன். பிள்ளைகள் விளையாடிவிட்டு உள்ளே போயிருந்தார்கள். புதுப் புல்லிலும் அந்த வரிசை இருந்தது. கலா இல்லாததால் பன்னிரண்டு ஜோடிதான் இருக்க வேண்டும். எண்ணினேன். அந்தப் பக்கத்திலிருந்தும் எண்ணினேன்.

பதிமூன்று.