செல்விக்குக் கிடைக்காத மைக்

ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன். இன்று எங்கள் ஏ.எல். உயர்தர வகுப்பின் பிரியாவிடை.

தெஹியோவிட்டப் பக்கத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே குவேக்கர் கிறிஸ்தவர்கள் நடத்தும் பள்ளி எங்களுடையது. அவர்கள் வழக்கப்படி, கூட்டம் என்றால் எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்போம். சொல்ல ஏதாவது இருப்பவர் மட்டும் எழுந்து பேசுவார். இன்றும் பழைய வருடங்களை நினைத்தபடி அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம்.

இத்தனை வருடங்களில் ஒருநாளும் எழாத செல்வி எழுந்தாள்.

"நாங்க தோட்டத்து லயத்து வீட்டுலேருந்து இங்க வந்தப்ப..."

எங்கள் வழக்கம் தெரியாமல் அதுவரை நெளிந்துகொண்டிருந்த பிரதம அதிதி, நிகழ்ச்சி படுத்துவிட்டது என்று நினைத்து மைக்கைப் பிடித்தார்.

"தங்கச்சி, உக்காருங்க. பேச ஆள் இல்லாட்டி நான் பேசுறேன்."

பேசினார், மத்தியானச் சாப்பாடு ஆறும்வரை. தோட்டத்துப் பிள்ளைகள் வாய் திறந்து பேச வேண்டுமாம்.

செல்வி, நீ சொல்ல வந்ததைக் கீழே கமெண்டில் எழுது. இங்கே அவர் கையில் மைக் இல்லை.